கேமராவுக்குக் குங்குமம் வைத்த கும்பிடு அண்ணாச்சி

டெலிபோனில் பேசிக்கொண்டே, எதிர்முனையில் இருப்பவருக்கு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போடும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்தது. என் ஆயுளில் நான் வெட்கத்தால் நெளிந்த நேரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முக்கால்வாசி அவரால் வந்தது. மீதிக் கால்வாசி என் கல்யாண வீடியோவால் வந்தது.

சிவகாசி ரோட்டில், ஆமத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டெஸ்பாட்ச். எந்த ஊருக்கு எந்த லாரியில் என்ன லோடு ஏறுகிறது, அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. கேட் வாட்ச்மேன் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் கும்பிடு அண்ணாச்சிதான்.

ஆள் பொடி உருவம். ஆனால் குரல் இருக்கிறதே, அது நல்ல வாட்டசாட்டமான ஆளுக்குச் செய்து, முகவரி மாறி இவரிடம் வந்துவிட்ட குரல். காதுக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். முடிக்கும்போது இன்னொரு கும்பிடு. நடுவில் எதிராளி கோபப்பட்டால் கூடுதலாக ஒன்று. இப்படி இடுக்கி இடுக்கி அவருடைய கழுத்தே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆதார் கார்டு போட்டோவிலும் சாய்ந்துதான் இருப்பார். செல்போன் வந்தபோது அது தோளில் நிற்காமல் வழுக்கியது. அண்ணாச்சி அசரவில்லை. துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்துக்கொண்டார். அப்படியும் ஒரு போன் டீ டம்ளரில் தலைகுப்புற விழுந்து உயிரை விட்டது.

ஆபீசுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பது போல எனக்குக் கூசும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க கும்பிடுறது அவுகளுக்குத் தெரியவா போகுது? எதுக்கு இந்தப் பாடு?"

"கும்பிடுறது தெரியாது தம்பி. ஆனா கும்பிடாமப் பேசுனா கொரல்ல தெரிஞ்சிரும்."



எங்கள் கம்பெனியின் பெரிய முதலாளிக்கு இந்தி தெரியாது. பெரியவர் தமிழே கொஞ்சமாகத்தான் பேசுவார். வடக்கே இருக்கும் டீலர்களிடம் பேசுவது முழுக்க அண்ணாச்சிதான். அவர் இந்தி கற்றது லாரி டிரைவர்களிடம். அதனால் அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் பாதி சபையில் சொல்லக்கூடியவை அல்ல. நல்லவேளையாக எந்தப் பாதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த இந்திதான் அவரை ஒரு வம்பில் மாட்டிவிட்டது. நான் வேலைக்குச் சேருவதற்கு ரொம்பக் காலம் முன்பு, ஒரு தீபாவளி சீசனில் இந்தூருக்குப் போக வேண்டிய லோடு தாமதமாகிவிட்டது. இந்தூர்க் கடையிலிருந்து போன். "உன்னிடம் பேச மாட்டேன், முதலாளியைக் கூப்பிடு. இல்லாவிட்டால் ஆர்டரே வேண்டாம்" என்று அங்கே ஒருவர் குதித்திருக்கிறார். பெரியவர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆபீசில் இருந்திருந்தாலும் அவருக்கு இந்தி தெரியாது. லாரியோ பாதி ஏற்றிய நிலையில் நிற்கிறது. அண்ணாச்சி ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையால் பொத்தி வைத்திருந்துவிட்டு, குரலை இன்னும் கனமாக்கி, "முதலாளி பேசுறேன்" என்றிருக்கிறார். எதிர்முனை சட்டென்று அடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "நானும் இங்கே முதலாளிதான்" என்றது. இரண்டு முதலாளிகளும் நலம் விசாரித்துக்கொண்டார்கள். லோடு போய்ச் சேர்ந்தது. ஆர்டர் நிலைத்தது.

ஆனால் ஒரு தடவை முதலாளியானவர் அதிலிருந்து இறங்க வழியில்லாமல் போயிற்று. மறுவாரம் அந்த இந்தூர் சேட்டு மறுபடி கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டார். ஒரு முதலாளி இன்னொரு முதலாளியிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். மகள் கல்யாணம், சர்க்கரை வியாதி, ஆள் பற்றாக்குறை, எல்லாம்.

இதை அண்ணாச்சி என்னிடம் பரம ரகசியமாகச் சொன்னார். பிறகு விசாரித்ததில், பெரியவரையும் அவருடைய மகனையும் தவிர ஆபீசில் எல்லோரிடமும் பரம ரகசியமாகவே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

"மொதலாளியாப் பேசுறது லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காத தம்பி. கார் வாங்கணும், பழைய காரை விக்கணும், மகனைப் படிக்க வைக்கணும். அம்புட்டையும் ஞாபகத்துல வச்சுக்கிடணும். கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிடுவாக. மூட்டுவலின்னு சொல்லணும். எந்த முட்டின்னு சொன்னோம்ங்கிறதையும் மறக்கக் கூடாது."

இதில் உச்சம் என்னவென்றால், லோடு தாமதமாகும்போதெல்லாம் அண்ணாச்சி பழியைப் போட ஓர் ஆள் வைத்திருந்தார். "நான் என்ன செய்றது சேட்ஜி, என் டெஸ்பாட்ச் ஆள் சரியில்லை. சுத்த மந்தம்" என்பார். சொல்கிறவரே அந்த டெஸ்பாட்ச் ஆள். அவனை வேலையை விட்டு எடுங்கள் என்று சேட்டு பலமுறை சொல்லியிருக்கிறார். "பாவம் சேட்ஜி, புள்ளைகுட்டிக்காரன். போகட்டும்" என்று தனக்குத்தானே சிபாரிசு செய்து அண்ணாச்சி தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டே வந்தார். சேட்டும் தன் குடோன் கணக்குப்பிள்ளையைப் பற்றி அதேபோல அழுவார். பெட்டியை எண்ணத் தெரியாதவன், தூங்குமூஞ்சி என்பார். அண்ணாச்சி பெருந்தன்மையாக, "அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல சேட்ஜி" என்று அந்த முகம் தெரியாத ஜீவனுக்காகவும் பரிந்து பேசுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் வீடியோ வந்து ஏறியது.

பெரியவரின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். கொரோனா சமயத்தில் டீலர்கள் யாரும் சிவகாசிப் பக்கம் வர முடியாமல் போனதும், எல்லா மீட்டிங்கும் வீடியோவில்தான் என்று சொல்லிவிட்டார். ஊரடங்கு முடிந்து ஆபீஸ் திறந்ததும் அதைத் தொடங்கியும் விட்டார். மீட்டிங் ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. மாட்டினார். அதன் தலையில் ஒரு கேமரா உட்கார்ந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்த பார்வையை, வீட்டுக்கு ஜப்தி செய்ய வந்த அமீனாவைப் பார்ப்பவர்களிடம்தான் பார்க்க முடியும்.

"எதுக்குச் சின்ன மொதலாளி வீடியோ? ஆடியோ போதாதா? போன்ல பேசுனா அவன் நம்ம மொகத்தை அவனா நெனச்சுக்கிடுவான். நல்ல மொகமா நெனச்சுக்கிடுவான்."

"அப்படியில்ல அண்ணாச்சி. முகத்தைப் பாத்துப் பேசுனாத்தான் ஒரு நம்பிக்கை வரும்."

"எம் மொகத்தைப் பாருங்க. வருதா?"

சின்னவர் பார்த்தார். டி.வி. ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

அண்ணாச்சி விடாமல் வாதம் செய்தார். ஆடியோ என்றால் சிக்னல் போனாலும் ஒரு ஹலோவில் சரியாகிவிடும். வீடியோவிலோ மனிதன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோகிறான், பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார். மத்தாப்பு விற்க வீடியோ சரி, வெடி விற்க ஆடியோதான் சரி என்று சரக்குவாரியாகப் பிரித்துக் காட்டினார். எதுவும் எடுபடவில்லை. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். இந்தூர் சேட்டு ஒருநாள் டி.வி.யில் வருவார். பக்கத்தில் உண்மையான முதலாளி உட்கார்ந்திருப்பார். அப்போது அண்ணாச்சியின் கதி?

"வேலை போனாப் போகட்டும் தம்பி. இன்னொரு கம்பெனியில லோடு ஏத்திக்கிடலாம். அந்த மனுசன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? மகளை வழியனுப்பிட்டு எனக்குப் போன் போட்டு அழுதவுக."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முதல் வெள்ளோட்டம் விஜயவாடா டீலரோடு, அண்ணாச்சியின் செல்போனில் நடந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். வைத்தார். டீலரின் முகம் தெரிந்தது. அண்ணாச்சி உடனே இரண்டு கையையும் கூப்பினார். கூப்ப வேண்டுமென்றால் போனை விட வேண்டும் இல்லையா? விட்டார். அது தரையில் மல்லாந்து விழுந்தது. விஜயவாடாக்காரர் வெகுநேரம் எங்கள் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூசி தட்டி நாளாகிவிட்டது போலிருக்கிறதே என்றார். சின்னவர் என்னைத்தான் முறைத்தார்.

அடுத்து வெள்ளிக்கிழமை பூஜை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை காலையில் கல்லாப்பெட்டி, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சூடம் காட்டுவது வழக்கம். எங்கள் ஆபீசில் அது அண்ணாச்சியின் கைங்கரியம். அந்த வெள்ளிக்கிழமை நாக்பூர் டீலரோடு மீட்டிங். டி.வி.யைப் போட்டால் எங்கள் கட்டம் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகக் குழம்பிக் கிடக்கிறது. சின்னவர் பதறிப்போய் விருதுநகரிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைத்தார். அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, தயக்கமாகச் சொன்னார்: "சார், கேமராவுக்குப் பொட்டு வச்சிருக்காக."

கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் கச்சிதமாகக் குங்குமம்.

"புதுசா வந்த மிசினு. விட்டுட்டா அது மனசு என்ன பாடுபடும்?" என்றார் அண்ணாச்சி.

அழிக்கச் சொல்லவும் சின்னவருக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பூஜைக் குங்குமத்தை அழித்தார் என்று அடுத்த ஹாலில் லேபிள் ஒட்டும் பெண்கள் பேசிவிட்டால், அது அவருடைய அம்மா காதுக்குப் போய்விடும். நாக்பூர்க்காரரிடம் போனிலேயே பேசி முடித்தார்கள். சின்னவர் மீட்டிங்கைச் செவ்வாய்க்கு மாற்றினார். செவ்வாயும் அம்மனுக்கு விசேஷம்தானே என்று அண்ணாச்சி அன்றைக்கும் பூஜை போட்டார்.

மூன்றாவது கூத்துக்கு அண்ணாச்சி பொறுப்பில்லை. புதிதாகச் செய்த ஒரு வெடியை டீலர்களுக்கு வெடித்துக் காட்டச் சின்னவர் ஏற்பாடு செய்தார். திறந்த பொட்டலில், வேண்டிய பாதுகாப்போடு, லேப்டாப்பைத் தூரத்தில் வைத்து நான் வீடியோவில் இணைத்தேன். திரி கொளுத்தப்பட்டது. எங்கள் காது அடைக்க ஒரு முழக்கம். டீலர்கள் முகத்தில் அசைவே இல்லை. ஒருவர், "எப்போது வெடிக்கும்?" என்று கேட்டார். இன்னொன்று வெடித்தோம். "நமுத்துப்போன சரக்கா?" என்றார் மற்றொருவர். நாய் குரைப்பது, கதவு சாத்துவது மாதிரியான இரைச்சலையெல்லாம் அந்த மீட்டிங் ஆப் தானாகவே அமுக்கிவிடுமாம். எங்கள் வெடியையும் அது நாய் குரைப்பில் சேர்த்துவிட்டது. ஆனால் பின்னால் நின்று அண்ணாச்சி என்னிடம், "இந்த வழுக்கைக்காரர் போன தடவை லோடுக்கே ஆயிரம் நொட்டை சொன்னவராச்சே" என்று முணுமுணுத்ததை மட்டும் சுத்தமாக அனுப்பிவைத்தது. அந்த வழுக்கைக்காரர் வியாபாரத்துக்காகத் தமிழ் படித்தவர். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். லேப்டாப் என்னுடையது, அதனால் மீட்டிங்கில் தெரிந்த பெயரும் என்னுடையதுதான்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. இந்தூர் சேட்டோடு வீடியோ மீட்டிங், பெரியவரும் உட்காருவார் என்று சின்னவர் அறிவித்தார். சேட்டுக்கு இந்தியைத் தவிர வேறு பாஷை தெரியாது. அதனால் அண்ணாச்சி பக்கத்தில் இருந்து பேச வேண்டும்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கம்பளி மப்ளரைக் கழுத்திலிருந்து மூக்குவரை சுற்றிக்கொண்டு வந்தார்.

"தொண்டை கட்டிக்கிருச்சு" என்று காற்றாகச் சொன்னார். குரல் வெளியே வந்தால்தானே சேட்டுக்கு அடையாளம் தெரியும்? என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். "நானே பேசிப் பாக்கிறேன் சின்னவரே" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த இந்தி, ஆன்லைனில் படித்த முதல் மூன்று பாடம்.

டி.வி.யில் இந்தூர்க் கடை தெரிந்தது. வெள்ளை மெத்தையின் நடுவில் வயதான சேட்டு. பக்கத்தில் லேப்டாப்போடு அவருடைய பேரன். பின்னால் சுவரோரமாக ஒரு பெரிய ஆள், கன்னத்தைச் சுற்றி வாயையும் மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பல்வலி, பேச முடியாது, மன்னிக்க வேண்டும் என்றான் பேரன். எங்கள் ஆளுக்குத் தொண்டை, மன்னிக்க வேண்டும் என்றேன் நான்.

சின்னவர் சொன்னது இதுதான்: ஆர்டர் அடுத்த வாரத்துக்குள் உறுதியானால், ஆவணியில் லோடு அனுப்பிவிடுவோம். நான் அதை என் மூன்று பாடத்துக்குள் அடக்கி, ஆர்டரை ஆவணியில் உறுதி செய்தால் போதும், லோடு அடுத்த வாரமே வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெரிய சேட்டின் முகம் மலர்ந்தது. அடுத்த வாரமே தருவதாக இருந்தால் இந்த வருஷம் மற்றக் கம்பெனிகளை நிறுத்திவிட்டு மொத்த ஆர்டரையும் உங்களுக்கே தருகிறேன், வாக்குத் தவறினால் இதோடு சரி என்றார். எனக்குப் புரியவில்லை. சின்னவருக்கும் புரியவில்லை. அவர் புன்சிரிப்போடு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார்.

புரிந்தவர் ஒரே ஒருவர். மப்ளருக்குள் அவர் படும் பாட்டை நான் பக்கவாட்டில் பார்த்தேன். வாயைத் திறந்தால் அத்தனை வருஷத்து மானம் போகும். திறக்காவிட்டால் கம்பெனியின் சொல் போகும். சேட்டு பேரனிடம், "எழுதிக்கொள்" என்றதும் அண்ணாச்சி மப்ளரை உருவிக் கீழே எறிந்தார்.

"நை சேட்ஜி, நை! அடுத்த வாரம் முடியாது! ஆவணிதான்!" அந்தக் கனத்த குரல் ஹாலை நிறைத்தது.

நடுவில் இருந்த சேட்டு திகைத்துப்போய்ப் பார்த்தார். ஆனால் சுவரோரத்துப் பல்வலி ஆள் துள்ளி எழுந்தார். துண்டு நழுவியது. அந்தப் பெரிய உடம்பிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

"மாலிக்! ராம் ராம் மாலிக்!"

எங்கள் பெரியவர் மெதுவாகத் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார். அங்கே பெரிய சேட்டு திரும்பித் தன் ஆளைப் பார்த்தார். இந்தியில் மாலிக் என்றால் முதலாளி. எங்கள் மாலிக் யார், அங்கே மாலிக் யார் என்று யாருக்கும் விளங்கவில்லை. இத்தனை வருஷம் போனில் கேட்ட குரல் அதுதான் என்று அண்ணாச்சிக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவர் எம்பி, கேமராவை உள்ளங்கையால் பொத்தினார். அடுத்த நொடி அந்தப் பக்கமும் ஒரு பெரிய உள்ளங்கை வந்து மூடியது. டி.வி.யில் இரண்டு கட்டமும் கறுப்பு. சின்னவரின் வீடியோ மீட்டிங் அத்தோடு ஆடியோ மீட்டிங் ஆயிற்று.

இருட்டுக்குள்ளிருந்து இரண்டு குரல்களும் பேசிக்கொண்டன. பிற்பாடு அண்ணாச்சியே எனக்குத் தமிழில் சொன்னபடி சொல்கிறேன்.

"நீங்க சேட்டு இல்லையா?"

"நான் குடோன் கணக்குப்பிள்ளை. நீங்க மாலிக் இல்லையா?"

"நான் டெஸ்பாட்ச்."



"அப்போ அந்த மந்தமான டெஸ்பாட்ச் ஆளு...?"

"நாந்தான். அந்தப் பெட்டி எண்ணத் தெரியாத தூங்குமூஞ்சி...?"

"நான்தான்."

அன்றைக்கு, அண்ணாச்சி முதலாளி என்று சொன்ன பயத்தில் இந்தூர்க் கணக்குப்பிள்ளையும் முதலாளி என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் அண்ணாச்சியை வேலையை விட்டு எடுக்கச் சொல்ல, அண்ணாச்சி இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இத்தனை காலம் மன்றாடிக் காப்பாற்றியிருக்கிறார்.

பெரியவரிடம் அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். தலை நிமிரவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எனக்கு எந்த முட்டியிலய்யா வலி?"

"எடது முட்டி மொதலாளி."

பெரியவர் வேஷ்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். ஆவணிக்கு லோடு என்று ஆர்டர் உறுதியாயிற்று. யாரும் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் அண்ணாச்சி ஆபீசுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பெரியவர் என்னை ஆமத்தூரில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அங்கனயே நின்னு சொல்லு தம்பி. மொகத்தைக் காட்ட எனக்கு முடியல."

"மொதலாளி வரச் சொன்னாக அண்ணாச்சி. கோவமெல்லாம் இல்ல."

"அவுக மன்னிச்சிருவாக. அது எனக்குத் தெரியாதா? இந்தூர்க்காரருகிட்ட நான் பொய்யாவே பேசிருக்கேனே தம்பி. கார் வாங்குனேன்னேன். பங்களா கட்டுனேன்னேன். சந்தோசப்பட்டாரு அந்த மனுசன்."

"அவரும் உங்ககிட்ட பொய்தானே அண்ணாச்சி சொன்னாரு?"

"அது அவரு பாடு. என் வெக்கம் எனக்கு."

கதவைப் பார்த்தபடி நின்றேன். இந்த மனிதரைப் பற்றிப் பேசி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைக்கையில் எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. கடைசியில், ஆபீசில் அவருடைய மேஜைப் போன் நாள் பூராவும் அடிக்கிறது, இந்தூர் நம்பர், நான் எடுத்தால் வைத்துவிடுகிறார்கள் என்று சொன்னேன்.  மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு இந்தூர்க் கணக்குப்பிள்ளையே நேரில் வந்து நின்றார். ராமேஸ்வரம் யாத்திரை போய்விட்டுத் திரும்பும் வழியாம். ஆள் வாசலை அடைத்தபடி நின்றார். இந்தப் பக்கம் பொடி உருவமும் கனத்த குரலும், அந்தப் பக்கம் மலை உருவமும் கீச்சுக் குரலும். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

டீ வந்தது. குடித்தார்கள். அவர் எங்கள் காலண்டரைப் பார்த்தார். இவர் தன் செருப்பைப் பார்த்தார். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி என் மூன்று பாட இந்தியில் ஏதோ சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. விருதுநகருக்குக் கூட்டிப்போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். அவர் சைவம். பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்றார். அப்போதும் பேச்சில்லை. திரும்பி வரும்போது அண்ணாச்சி என் காதில் சொன்னார்.

"மொகத்தைப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு தம்பி. வெக்கம் புடுங்கித் திங்குது. என்ன செய்யட்டும்?"

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இந்தூர்க்காரர் எழுந்து வெளியே போனார். லாரி நிற்கும் இடத்தைத் தாண்டி, வேப்பமரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் செல்போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாக அந்த முதுகைப் பார்த்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, போனைச் சாய்த்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஹாங் சேட்ஜி! ராம் ராம்!"

பேச்சு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததா, சர்க்கரை குறைந்ததா, ராமேஸ்வரத்து உப்புத் தண்ணீரில் குளித்தது மேலுக்கு ஒத்துக்கொண்டதா. இடையில் இவர் சிரித்தார். வேப்பமரத்தடியில் அந்தப் பெரிய முதுகு குலுங்கியது. அப்புறம் இவர் துண்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். அங்கேயும் ஒரு கை முகத்துக்குப் போனது.

சின்னவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இங்கனதானே இருக்காக? எதுக்கு போன்?" என்றார். நான் அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

இத்தனை வருஷம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அண்ணாச்சி ஒரு நாளும் பேசாத பேச்செல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். எனக்கும் ஏதாவது ஒரு மரத்தடிக்கு ஓடிப்போய், அவருக்கு ஒரு போன் போட வேண்டும்போல இருந்தது.